31-ஆம் தேதி போட்ட சம்பளம் 3-ஆம் தேதி வருவது ஏன்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 28,000 ரூபாய். என் கணக்கு சொந்த ஊரில் உள்ள கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. மாதக் கடைசி நாளில் 'சம்பளம் கிரெடிட் செய்யப்பட்டது' என்று ஹெச்.ஆர். மெயில் வந்துவிடும். கம்பெனிக்குக் கணக்கு இருக்கும் அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் தோழிகளுக்கு அன்று சாயங்காலமே மெசேஜ் வருகிறது. எனக்கு ஒரு நாள் கழித்து வரும், சில மாதம் இரண்டு நாள் ஆகும். போன மாதம் 31-ஆம் தேதி சனிக்கிழமை. எனக்குப் பணம் வந்தது 3-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை. 2-ஆம் தேதி ஸ்கூட்டர் தவணை பவுன்ஸ் ஆகி, கடன் கொடுத்த நிறுவனம் 590 ரூபாயும் ஊர் வங்கி 295 ரூபாயும் பிடித்துவிட்டன. ஜிபே-யில் நொடியில் போகிற பணம், சம்பளமாக வரும்போது மட்டும் ஏன் மூன்று நாள் எடுக்கிறது? அந்த மூன்று நாள் வட்டி யாருக்குப் போகிறது? கணக்கை மாற்றிக்கொள் என்கிறார்கள். அம்மாவின் நகைக்கடன் ஊர் வங்கியில் இருப்பதால் எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

31 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டிருப்பதை மாதம் தவறாமல் கவுன்டருக்கு வெளியே யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பலருக்கு நாங்கள் சொன்ன பதில் 'சார், ரெண்டு நாள் ஆகும்'. அந்தப் பதில் அன்றைக்கு ஓரளவு உண்மை. இன்றைக்கு உண்மை இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 28,000 ரூபாய் மூன்று நாள் வழியில் இருக்கவில்லை. வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே அது இருந்த நேரம் அதிகம் போனால் இரண்டரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் யாரோ ஒருவருடைய மேஜையில் காத்திருந்திருக்கிறது. அது யார் மேஜை என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கு முன், பணம் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நான் 1988-இல் சேலத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை கிளியரிங். எங்கள் வாடிக்கையாளர்கள் போட்ட மற்ற வங்கிச் செக்குகளை வங்கிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் கூட்டல் மெஷினில் கூட்டிய காகித நாடாவைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு கிளியரிங் ஹவுஸுக்குப் போவேன். ரிசர்வ் வங்கி அலுவலகம் இல்லாத ஊர்களில் பெரும்பாலும் ஸ்டேட் பேங்க்தான் அதை நடத்தும். ஒரு பெரிய கூடத்தில் வங்கிக்கு ஒரு மேஜை. நான் என் கட்டுகளை அந்தந்த மேஜையில் கொடுப்பேன், அவர்கள் எங்கள் செக்குகளை என் மேஜையில் வைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு தாளில், நாங்கள் தர வேண்டியது எவ்வளவு, எங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு, வித்தியாசம் என்ன என்று எழுதுவார்கள். அந்த வித்தியாசம் மட்டும் கணக்கில் பற்று அல்லது வரவு ஆகும். பத்து பைசா உதைத்தாலும் ஒருவரும் எழுந்து போக முடியாது. அந்தக் கூடத்தில் பல லட்ச ரூபாய் கைமாறும், ஒரு நோட்டுக்கூட யார் கையிலும் இருக்காது.

இன்றைக்கும் நடப்பது அதுவேதான். கூடம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். பெரிய வங்கிகள் எல்லாம் ரிசர்வ் வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றன. உங்கள் கம்பெனியின் வங்கி உங்கள் வங்கிக்குப் பணம் தருகிறது என்றால், ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் ஒன்றின் கணக்கில் குறைந்து இன்னொன்றின் கணக்கில் கூடுகிறது என்று அர்த்தம். தனியார் கம்பெனிகளின் சம்பளம் பெரும்பாலும் போவது நெஃப்ட் (NEFT) என்கிற, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் முறை வழியாக. அதில் அரை மணிக்கு ஒரு பேட்ச், ஒரு நாளைக்கு 48 பேட்ச். அந்த அரை மணி நேரத்தில் நாடு முழுக்க எல்லா வங்கிகளும் அனுப்பியதைத் திரட்டி, தர வேண்டியதையும் வர வேண்டியதையும் கழித்து, வித்தியாசத்தை மட்டும் தீர்ப்பார்கள். ஒரு பேட்ச்சில் உங்கள் கம்பெனியின் வங்கி மற்றவர்களுக்கு 90 கோடி தர வேண்டும், மற்றவர்களிடமிருந்து 70 கோடி வர வேண்டும் என்றால், அதன் கணக்கிலிருந்து போவது 20 கோடிதான். கடைவீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் பகலெல்லாம் சரக்கை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு, ராத்திரி கடை சாத்தும் முன் மிச்சத்தை மட்டும் கொடுத்து நேர் செய்வார்கள் அல்லவா, அதே வழக்கம்.

உங்கள் சம்பளத்தையே அந்த வழியில் அனுப்பிப் பார்ப்போம். காலை 11.10-க்குக் கம்பெனிக் கணக்கில் பற்று வைத்து, வங்கி நெஃப்ட் செய்தியை அனுப்பிவிட்டது. அது 11.30 பேட்ச்சில் ஏறுகிறது. அந்த பேட்ச் தீர்ந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உங்கள் வங்கி உங்கள் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். கணக்கு எண் தப்பாக இருந்தாலோ வேறு காரணத்தால் வரவு வைக்க முடியாமல் போனாலோ, அதே இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வங்கிக்காரர்கள் இதை 'பி பிளஸ் டூ' என்பார்கள். பேட்ச்சோடு இரண்டு மணி நேரம் என்று பொருள். ஆக, மதியம் ஒன்றரைக்குள், ஒன்று பணம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போயிருக்க வேண்டும். நடுவில் மூன்றாவது நிலை கிடையாது. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி இது.

உங்கள் தோழிகளுக்கு இந்தப் பயணமே இல்லை. கம்பெனியின் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒரே வங்கியின் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒரு வரியில் கழித்து அடுத்த வரியில் கூட்டினால் முடிந்தது. ரிசர்வ் வங்கிக்கு அதில் வேலையில்லை.

ஜிபே பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் அங்கே நடப்பதைப் பலரும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். யூ.பி.ஐ.-யில் நீங்கள் காய்கறிக் கடைக்கு 80 ரூபாய் அனுப்பினால், கடைக்காரரின் கணக்கில் நொடியில் 80 கூடிவிடுகிறது. ஆனால் உங்கள் வங்கி அவருடைய வங்கிக்கு அந்த 80-ஐ அந்த நொடியிலேயே கொடுப்பதில்லை. யூ.பி.ஐ.-யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் நாளில் பல முறை எல்லா வங்கிகளின் கணக்கையும் கூட்டிக் கழித்து, ரிசர்வ் வங்கியில் தீர்க்கிறது. அதுவரை கடைக்காரரின் வங்கி, 'பணம் வந்துவிடும்' என்கிற உறுதியின் பேரில் முன்கூட்டியே வரவு வைத்திருக்கிறது. உடனடியாகப் பணம் அனுப்பும் இன்னொரு முறையான ஐ.எம்.பி.எஸ்.-ஸும் இதே மாதிரிதான். நெஃப்ட்டில் வரிசை தலைகீழ். முதலில் வங்கிகளுக்குள் கணக்கு தீரும், அப்புறம்தான் உங்களுக்கு வரவு. ஆயிரம் பேர் சம்பளத்தை ஒரே ஃபைலில் அனுப்புகிற கம்பெனிக்கு நெஃப்ட் தோதாக இருப்பதால் அந்த வழியில் போகிறார்கள். அதனால் வரும் தாமதம் சில மணி நேரம், நாள் கணக்கில் இல்லை.

'சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் திங்கள்கிழமைதான் வரும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது சத்தியமான உண்மை. நெஃப்ட் 2005-இல் வந்தது. பல வருடம் வங்கி வேலை நாளில், காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரைதான் ஓடியது. ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை, இரண்டாவது நான்காவது சனிக்கிழமை இல்லை. தீபாவளி திங்கட்கிழமை வந்து, அதற்கு முந்தின சனிக்கிழமையும் விடுமுறையாக இருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பாத பணம் செவ்வாய்க்கிழமை வரை அசையாது. போனஸ் நேரத்தில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துக் கையை விரித்திருக்கிறேன் தெரியுமா? அது 2019 டிசம்பர் 16-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று நள்ளிரவு தாண்டிய முதல் அரை மணியிலிருந்து நெஃப்ட் வருடம் முழுவதும், இரவு பகல் எந்நேரமும் ஓடுகிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். அடுத்த வருடம் டிசம்பர் 14-இல் அப்படி மாறியது. பெரிய நிறுவனங்கள் சில, நாச் என்கிற முறையில் சம்பளம் போடுகின்றன. தவணை பிடிப்பதும் பெரும்பாலும் அதே நாச்தான். அது 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறும் விடுமுறையும் பார்க்காமல் ஓடுகிறது. இதில் ஒரு சங்கடம், உங்களுக்கு நேர்ந்ததைப் போல: தவணையும் இப்போது விடுமுறை பார்ப்பதில்லை. முன்பெல்லாம் சம்பளம் ஒரு நாள் தள்ளினால் தவணையும் சேர்ந்து தள்ளும். இப்போது கம்ப்யூட்டர் தேதி தவறாமல் வந்து கதவைத் தட்டுகிறது. சம்பளம் போடும் மனிதர்கள்தான் இன்னும் திங்கள்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் உங்கள் பணம் எங்கே நின்றது? இரண்டே இடங்களில் நின்றிருக்க முடியும்.

முதலாவது, கம்பெனியில். பெரும்பாலும் இங்கேதான் என்று என் அனுபவம் சொல்கிறது. சம்பளத்தை வங்கிக்கு அனுப்புவது ஒரு பொத்தானை அமுக்குவது போல நடப்பதில்லை. வருகைப் பதிவு முடிந்து, பிடித்தங்கள் போட்டு, அக்கவுன்ட்ஸில் ஒருவர் ஃபைல் தயார் செய்து வங்கியின் இணையத்தில் ஏற்றுவார். அவர் 'மேக்கர்'. ஏற்றியதோடு பணம் போகாது. 'செக்கர்' என்று இன்னொருவர், சில இடங்களில் இரண்டு பேர், பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒப்புதல் வரும் வரை அந்த ஃபைல் வெறும் பட்டியல்தான். கம்பெனிக் கணக்கில் ஒரு பைசா குறைந்திருக்காது.

இதில் உங்களைப் போன்றவர்களைப் பாதிக்கிற நுணுக்கம் ஒன்று உண்டு. நிறைய கம்பெனிகள் ஒரு ஃபைல் போடுவதில்லை, இரண்டு போடுகின்றன. அதே வங்கிக் கணக்குக்காரர்களுக்கு ஒன்று, மற்ற வங்கிக்காரர்களுக்கு நெஃப்ட் ஃபைல் தனியாக. முதல் ஃபைலில் பெரும்பாலான ஊழியர்கள் இருப்பார்கள், அதை முதலில் முடித்துவிடுவார்கள். இரண்டாவதில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். நாள் முடிகிற நேரம், ஒப்புதல் கொடுப்பவர் கிளம்பிவிட்டார், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'. ஆனால் ஹெச்.ஆர். மெயில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் போகும்.

எனக்கு நன்றாக நினைவில் இருக்கிற சம்பவம் இது. நான் மேலாளராக இருந்த கிளைக்கு ஒரு மில் தொழிலாளி வந்தார். ஐம்பது வயது இருக்கும். நான்கு மாதமாக அவருக்குச் சம்பளம் இரண்டு நாள் தாமதம். 'உங்க பேங்க்தான் பிடிச்சு வைச்சிருக்கு' என்று மில்லில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் உள்வரவுப் பட்டியலை எடுத்து அவருக்குக் காட்டினேன். நான்கு மாதமும், பேட்ச் வந்த அரை மணி நேரத்தில் அவர் கணக்கில் ஏறியிருந்தது. பேட்ச் வந்ததே 2-ஆம் தேதியில்தான். அந்தப் பட்டியலின் நகலில் நேரத்தை வட்டம் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: இரண்டாவது ஒப்புதல் கொடுக்க வேண்டிய பங்குதாரர் மாதக் கடைசியில் வெளியூர் போய்விடுவாராம், மற்ற வங்கி ஃபைல் மட்டும் அவர் வரும் வரை கிடக்குமாம். அந்தத் தாளைக் காட்டிய பிறகு, ஒப்புதலை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் அந்த மனிதர் கந்து வட்டிக்குக் கைமாற்று வாங்கிச் சமாளித்திருக்கிறார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அதுதான் நடந்தது. எனக்கு அது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது இடம், உங்கள் ஊர் வங்கி. கூட்டுறவு வங்கி என்பதால் இதையும் சொல்ல வேண்டும். எல்லா வங்கிகளும் நெஃப்ட்டில் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. சிறிய வங்கிகள் பல, ஒரு பெரிய வங்கியின் கீழ் துணை உறுப்பினராக இருக்கின்றன. அப்போது ரிசர்வ் வங்கியிலிருந்து செய்தி முதலில் பெரிய வங்கிக்கு வந்து, அங்கிருந்து உங்கள் வங்கிக்குப் போகும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசினால் நிமிடங்களில் முடிந்துவிடும். இடையில் ஒரு மனிதர் ஃபைலை இறக்கி ஏற்ற வேண்டிய ஏற்பாடாக இருந்தால், அவர் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நடக்கும். உங்களுக்கு 'செவ்வாய் காலை' வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு என்று பாருங்கள். கிளை திறக்கிற பத்து மணியை ஒட்டி என்றால் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். உங்கள் பாஸ்புக்கில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளையும் பாருங்கள். அவை உங்கள் வங்கியின் பெயரோடு ஒட்டாமல் வேறொரு வங்கியைக் குறித்தால், இந்த இரண்டு கட்டப் பயணம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

குறியீட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. 2020-இல் பல வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து குறியீடுகள் மாறின. பழைய குறியீடு இன்னும் கம்பெனியின் பதிவில் இருக்கிற ஊழியர்களின் சம்பளம் திரும்பி வருவதும் உண்டு. உங்களுக்கு மாதாமாதம் வந்து சேர்வதால் உங்கள் சிக்கல் அது இல்லை. ஆனால் புதுக் கணக்கு கொடுக்கும்போது எண்ணைக் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள், பாஸ்புக்கின் முதல் பக்க நகலைக் கொடுங்கள். நெஃப்ட்டில் பெயரைப் பார்த்து வரவு வைப்பதில்லை, கணக்கு எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி 2025 ஏப்ரலுக்குள் வங்கிகளில் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது இதனால்தான்.

வட்டி யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கம்பெனி ஒப்புதல் கொடுக்காத வரை பணம் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. பயன் இருந்தால் அவர்களுக்கு. பேட்ச் தீர்ந்த பிறகு உங்கள் வங்கி வரவு வைக்கத் தாமதித்தால், அந்தத் தாமதத்துக்கு ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து உங்கள் கணக்கில் போட வேண்டும். நீங்கள் கேட்காமலேயே போட வேண்டும் என்பது விதி. ரெப்போ ஐந்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 28,000 ரூபாய்க்கு ஏழரை சதவீதத்தில் இரண்டு நாள் வட்டி எவ்வளவு தெரியுமா? பதினொன்றரை ரூபாய். உங்களுக்குப் போனது 885 ரூபாய். சம்பளத்தில் வாழ்கிறவருக்குத் தாமதத்தின் விலை வட்டியில் இல்லை, அதன் பின்னால் வரிசையாக விழும் அபராதங்களில் இருக்கிறது. விதி எழுதியவர்கள் இதையும் யோசித்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஹெச்.ஆரிடம் போய் 'சம்பளம் ஏன் லேட்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'பேங்க் பிராப்ளம்' என்ற பதில் தயாராக இருக்கும். 'என்னுடைய போன மாத நெஃப்ட்டின் யூ.டி.ஆர். நம்பரும், கம்பெனிக் கணக்கில் பற்று ஆன தேதியும் நேரமும் வேண்டும்' என்று மெயிலில் கேளுங்கள். யூ.டி.ஆர். என்பது ஒவ்வொரு நெஃப்ட்டுக்கும் உள்ள தனி அடையாளம். எழுத்தும் எண்ணும் கலந்து 16 இருக்கும். உங்கள் பாஸ்புக்கிலேயே, சம்பளம் வந்த வரியில் 'நெஃப்ட்' என்பதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊர் வங்கிக்குப் போய், இந்த எண்ணுக்கான செய்தி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வரவு வைத்தீர்கள் என்று கேளுங்கள். மரியாதையாக, ஆனால் எழுத்தில். கம்பெனியில் பற்று ஆன நேரம், பேட்ச் வந்த நேரம், வரவான நேரம், இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்த இடைவெளி பெரியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கம்பெனி பக்கம் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றுதான் 2019-ஆம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 3-ஆம் தேதி வந்தது சட்டப்படி குற்றமாகாது. ஆனால் 31-ஆம் தேதியே போட்டுவிட்டோம் என்ற மெயில் சரியில்லை. அதை நம்பித்தானே நீங்கள் தவணைக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்தீர்கள்? மற்ற வங்கிக் கணக்கு உள்ள பத்துப் பேர் சேர்ந்து, எங்கள் ஃபைலையும் அதே நாளில் ஒப்புதல் கொடுங்கள், அல்லது முதலில் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அவர்களுக்குச் செலவில்லாத காரியம். நான் பார்த்த வரையில், கேட்டால் செய்கிறார்கள்.

ஊர் வங்கி பக்கம் என்றால், தாமத வட்டியையும் பிடித்த 295 ரூபாயையும் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால், உங்கள் வங்கி ஒம்பட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்புத் திட்டத்தில் வருகிறதா, புகாரை எப்படிப் பதிவது என்று வழி சொல்வார்கள். பணம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

அதற்கெல்லாம் முன்னால், தவணைத் தேதியை மாற்றுங்கள். இன்றே. மாதக் கடைசியில் சம்பளம், 2-ஆம் தேதி தவணை என்பது ஓட்டமாக ஓடிப் பேருந்து பிடிப்பது மாதிரி. கடன் கொடுத்தவர்களிடம் 7 அல்லது 10-ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன, தள்ளிய நாட்களுக்குச் சிறிய வட்டி வரலாம், பரவாயில்லை. அது முடியும் வரை தவணைத் தேதிக்கு முந்தின இரவே பணம் கணக்கில் இருக்கட்டும், ஏனென்றால் நாச் பற்று காலையிலேயே வந்துவிடும். மத்தியானம் பணம் போட்டால் உதவாது. அப்புறம், போன மாதத் தவணையைக் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டாமல், அவர்களே மறுபடி பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் உடனே நீங்களே கட்டிவிடுங்கள். இரண்டாம் முறையும் திரும்பினால் இரண்டாம் முறையும் அபராதம் பிடிப்பார்கள். யூ.டி.ஆரோடு, சம்பளம் தாமதமானதைக் காட்டி 590 ரூபாயைத் தள்ளுபடி செய்யக் கேட்டும் பாருங்கள். உரிமை என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் முறை தவறியவர்களுக்குச் செய்து கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கை மாற்றுவது பற்றி. ஊர்க் கணக்கை மூட வேண்டாம். அம்மாவின் நகைக்கடன் அங்கே இருக்கிறது, ஊரில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மேலாளர் இருக்கிறார், அதையெல்லாம் லேசாக விடக் கூடாது. கம்பெனியின் வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத சம்பளக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். மாதாமாதம் நகைக்கடனுக்கும் வீட்டுக்கும் வேண்டிய தொகை ஒரு குறிப்பிட்ட தேதியில் ஊர்க் கணக்குக்குத் தானாகப் போகும்படி அங்கே எழுதிக் கொடுத்துவிடலாம். ஸ்கூட்டர் தவணையைப் புதுக் கணக்குக்கு மாற்றினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குப் புதிதாக நாச் அனுமதி பதிவாக வேண்டும், சில வாரம் ஆகலாம். புதுக் கணக்கில் முதல் தவணை ஒருமுறை சரியாகப் பிடித்ததைக் கண்ணால் பார்க்கும் வரை, பழைய கணக்கிலும் ஒரு தவணைப் பணம் இருக்கட்டும். மாறுகிற மாதத்தில் இரண்டு கணக்குக்கும் நடுவே தவறி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யூ.டி.ஆர். கைக்கு வந்ததும் அந்த மூன்று நேரங்களையும் எனக்கு எழுதுங்கள். கணக்கு எண்ணை மட்டும் எழுத வேண்டாம், அது எனக்குத் தேவையில்லை. பணம் எங்கே நின்றது என்று பார்த்து, வங்கிக்கோ கம்பெனிக்கோ கொடுக்க வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.